பேரமும் பிறர் நெருக்கடியும்

விற்பவர் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பது அறமா என்னும் வினா சந்தைக்கு மட்டுமே உரியதுபோலத் தோன்றினாலும், யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகளின் அறிஞர்கள் அதனைத் தம் வேத விளக்கங்களிலும் சட்டநூல்களிலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். பெரும்பாலான மனிதர் தம் வாழ்நாளில் கொலையையோ பொய்ச்சான்றையோ நெருங்குவதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் எவரும் வாழ்ந்துவிட முடியாது. ஆகவே ஒருவருடைய இறையச்சம் வழிபாட்டுக் கூடத்தில் வெளிப்படுவதைவிடக் கடைத்தெருவில் துலக்கமாக வெளிப்படும் என்று அவர்கள் கருதினர். இறந்தபின் தீர்ப்புக்காக நிறுத்தப்படும் மனிதனிடம் முதலில் கேட்கப்படுவது, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா என்பதே என்று யூத ஞானியர் உரையாடல்களின் பெருந்தொகுப்பாகிய தால்முத் கூறுவது இக்கருத்தின் உச்சம் எனலாம்.

பேரத்தின்மீது சாட்டப்படும் குற்றங்கள் இரண்டு. அவை பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுவதால் வினாவே குழம்பிவிடுகிறது. முதலாவது, பொய். எண்பது ரூபாய்க்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட மனத்துக்குள் முடிவுசெய்த வியாபாரி, அதன் கொள்முதலே நூறு, அதற்குக் கீழே கட்டுபடியாகாது என்கிறார். தொண்ணூறு கொடுத்தாவது வாங்கிவிட எண்ணியவர், அறுபதுக்கு மேல் ஒரு காசும் தர முடியாது என்று சொல்லிக் கடையைவிட்டு இறங்குவதுபோல நாலடி நடக்கிறார். இருவர் சொல்லும் உண்மையன்று, இரண்டும் உண்மையன்று என்பது இருவருக்குமே தெரியும். இரண்டாவது, நெருக்கடியைப் பயன்படுத்துதல். மருத்துவச் செலவுக்குப் பணம் புரட்ட முடியாமல் நிலத்தை விற்க வந்தவரிடம், அவருடைய அவசரத்தை அறிந்த ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்கிவிடுகிறார். தம்மால் தரக்கூடியது இவ்வளவே என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மையாகவே இருக்கலாம். முன்னதில் பொய் உண்டு, எவருக்கும் கேடு நேரவில்லை. பின்னதில் பொய்யே இல்லை, ஆயினும் ஒரு குடும்பம் நொடித்துப்போகிறது. பேரம் அறமா என்று கேட்பவர், இவ்விரண்டில் எதைப்பற்றிக் கேட்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சமய மரபுகள் அளித்த விடைகளின் வலிமையும் போதாமையும் இந்த வேறுபாட்டை வைத்து நோக்கும்போதுதான் புலப்படுகின்றன.

உரோமானியச் சட்டம் இவ்வினாவைப் பெரிதாக்கவில்லை. வாங்குவோரும் விற்போரும் விலையில் ஒருவரையொருவர் விஞ்ச முயல்வது இயல்பாகவே அனுமதிக்கப்பட்டது என்று மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பவுலுஸ் எழுதினார். நிலம் அதன் நியாய விலையில் பாதிக்கும் கீழாக விற்கப்பட்டிருந்தால் மட்டும் விற்றவர் முறையிடலாம் என்ற விதிவிலக்கு பேரரசர் தியோக்ளேஷியன் பெயரால் அமைந்த ஆணையில் காணப்படுகிறது. எனினும் சட்டம் விட்டுக்கொடுத்த இடத்தில் அறம் எதிர்பார்த்தது வேறு என்பதற்கு அந்நாட்டிலேயே சான்று உண்டு. கி.மு. 44-இல் ‘கடமைகள்’ என்னும் நூலை எழுதிய சிசரோ, ஸ்கைவோலா என்பவர் ஒரு பண்ணையை வாங்கச் சென்றதைக் குறிப்பிடுகிறார்: கறாரான விலையை ஒரே சொல்லில் கூறும்படி ஸ்கைவோலா கேட்டார், விற்பவர் கூறினார், தம் மதிப்பீட்டில் பண்ணை அதைவிட அதிகம் பெறும் என்று சொல்லி, ஸ்கைவோலா மேலும் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களைச் சேர்த்துக் கொடுத்தார். இதை நல்லவர் செயல் என்று எல்லாரும் ஒப்புவர், அறிவுள்ளவர் செயல் என்று ஒப்பமாட்டார்கள் என்று சிசரோ வருந்திச் சொல்லும் குறிப்பு கவனிக்கத்தக்கது. நன்மையும் அறிவும் எதிரெதிராக நிற்பவை என்று உலகம் நம்பத் தொடங்கிவிட்டதே அவருக்குப் பெருங்கேடாகத் தோன்றியது.

கிறித்தவச் சிந்தனையில் இவ்வினாவை முறையாக எடுத்துக்கொண்டவர் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். அவர் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில், பொருளின் மதிப்பைவிட அதிகமாக விற்பதைப் போலவே குறைவாக வாங்குவதும் தன்னளவிலேயே அநீதி என்று முடிவுகூறுகிறார். பாதி விலை வரை சட்டம் கண்டுகொள்ளாமல் விடுகிறதே என்ற எதிர்வாதத்துக்கு, மனிதச் சட்டம் நற்குணம் வாய்க்காதவர்களையும் உள்ளடக்கிய கூட்டத்துக்காக இயற்றப்பட்டது, ஆகவே அது கூட்டுவாழ்வைக் குலைக்கும் தீமைகளை மட்டுமே தடுக்கிறது. இறைச்சட்டம் அப்படி எதையும் தண்டிக்காமல் விடுவதில்லை என்று விடையிறுக்கிறார். நியாய விலை என்பது கணக்குப்போல் துல்லியமாக வரையறுக்கப்படுவதன்று, ஒருவகை மதிப்பீடே. சிறிது கூடுவதாலோ குறைவதாலோ நீதி கெட்டுவிடாது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் அவருடைய ஆய்வில் மிக ஆழமான பகுதி இவற்றுக்கிடையே வரும் ஒரு சிறு விளக்கமே. ஒரு பொருளை இழப்பதால் விற்பவருக்குப் பெருநட்டம் நேருமானால், அந்த இழப்பையும் விலையில் சேர்த்துக் கேட்பது நியாயம். ஆனால் விற்பவருக்கு எந்த நட்டமும் இல்லாதபோது, வாங்குபவருக்கு அப்பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்தால் விலையை ஏற்றுவது நியாயமன்று. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவருடைய நிலைமையிலிருந்து பிறந்தது. அது விற்பவருடைய உடைமையன்று. தனக்கு உரிமையில்லாததை ஒருவர் விற்க முடியாது. பிறருடைய நெருக்கடி விற்பனைப் பொருளன்று என்னும் இக்கருத்தை வாங்குபவர் பக்கமாகத் திருப்பினால், பிறருடைய நெருக்கடியை இலவச இணைப்பாகப் பெற்றுக்கொள்ளவும் எவருக்கும் உரிமை இல்லை என்றாகிறது. நூற்றுக்குப் பெறும் நிலத்தை ஐம்பதுக்கு வாங்கியவர், ஐம்பதுக்கு நிலத்தையும் மீதி ஐம்பதுக்கு விற்றவரின் துயரத்தையும் பெற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

யூத மரபு இதே சிக்கலை எண்களால் அணுகியது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட வாய்மொழிச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில், ‘பாவா மெட்சியா’ என்னும் பகுதி ‘ஓனாஆ’ என்ற குற்றத்தை விளக்குகிறது. விலையில் ஒருவருக்கு இழைக்கப்படும் வஞ்சனை என்பது அதன் பொருள். வேறுபாடு ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் வியாபாரம் நிற்கும். சரியாக ஆறில் ஒரு பங்கானால் வியாபாரம் நிற்கும், அதிகப்படியான தொகை திருப்பித் தரப்பட வேண்டும். ஆறில் ஒரு பங்கை மீறினால் வியாபாரமே முறிந்துவிடும் என்று தால்முத் இதனை வகுத்துக்கொண்டது. வாங்கியவர் தம் பொருளை ஒரு வியாபாரியிடமோ உறவினரிடமோ காட்டிக் கேட்டறிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்துக்குள் முறையிடலாம். லோத் என்னும் ஊரில் ரபி தர்ஃபோன் இவ்வளவை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தித் தீர்ப்பளித்தபோது அவ்வூர் வியாபாரிகள் மகிழ்ந்தார்கள் என்றும், ஆனால் முறையிடும் காலத்தையும் நாள் முழுவதுமாக அவர் நீட்டியதும், எங்களை எங்கள் பழைய நிலையிலேயே விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பழைய விதிக்கே திரும்பிவிட்டார்கள் என்றும் மிஷ்னா பதிவுசெய்கிறது. அதிக இலாபத்துக்கான உரிமையைவிட, பேரம் படிந்தபின் கவலையின்றி இருப்பதற்கான உறுதியையே அந்த வியாபாரிகள் பெரிதாக மதித்தார்கள் என்பது இச்சிறு செய்தியில் வெளிப்படுகிறது. நிலத்துக்கு இவ்விதி பொருந்தாது என்பதும் அதே பகுதியில் உண்டு. அதன் விளைவு பின்னர்க் காணப்படும்.

எண்களால் பிடிபடாத வஞ்சனையும் உண்டு என்பதை அதே மிஷ்னா உடனேயே கூறுகிறது. வாங்கும் எண்ணமே இல்லாதவர், இது என்ன விலை என்று கேட்கக் கூடாது. பணத்தால் இழைக்கப்படும் வஞ்சனையைவிடச் சொல்லால் இழைக்கப்படும் வஞ்சனை கொடியது, ஏனெனில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஏமாந்த மனத்துக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று தால்முத் இதற்குக் காரணம் காட்டுகிறது. வாங்க எண்ணினாரா இல்லையா என்பது கேட்டவர் நெஞ்சுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது. அதனாலேயே வேதம் இவ்விடத்தில் இறைவனுக்கு அஞ்சும்படி கூறுகிறது என்பது தால்முத் ஞானியருடைய விளக்கம். சட்டம் நுழைய முடியாத இந்த நெஞ்சத்தின் உள்ளறையில் என்ன நேர வேண்டும் என்பதற்கு ராவ் சஃப்ரா என்னும் ஞானியின் வாழ்க்கை நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கூறுவர். பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் பெயரால் வழங்கும் உரை அதனை விரித்துரைக்கிறது. ராவ் சஃப்ரா ‘ஷெமா’ எனப்படும் அன்றாட விசுவாச மந்திரத்தை ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, அவர் விற்க வைத்திருந்த பொருளுக்கு ஒரு விலை சொன்னார். ஓதலை இடையில் நிறுத்தக் கூடாதாகையால் அவர் விடையளிக்கவில்லை. விலை போதவில்லை போலும் என்று எண்ணிய வந்தவர் மேலும் மேலும் ஏற்றிக் கேட்டார். ஓதி முடித்த ராவ் சஃப்ரா, முதலில் சொன்ன விலைக்கே என் மனம் இசைந்துவிட்டது, ஆகவே அந்த விலைக்கே எடுத்துக்கொள்ளும் என்றார். வாய் திறக்காதவர் பொய் சொல்லியிருக்க முடியாது. எனினும் தம் மௌனம் பிறரிடத்தில் பொய்யாக வேலை செய்வதை அவர் பொறுக்கவில்லை. பேரத்தில் சொல்லப்படும் வழக்கமான புளுகுகளை யாரும் நம்புவதில்லை, ஆகவே அவை பொய்யல்ல என்று வாதிடுவோருக்கு இந்நிகழ்ச்சியைவிட வலிய மறுப்பு வேண்டியதில்லை.

இஸ்லாமியச் சட்டவியல் பேரத்தை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டு, அதன் வகைகளைப் பிரித்துப் பெயரிட்டது. கொள்முதல் விலையைச் சொல்லாமல் இருவரும் பேசி முடிக்கும் விற்பனை ‘முஸாவமா’; கொள்முதலையும் அதன்மேல் வைத்த இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்பது ‘முராபஹா’. பின்னதில் கொள்முதலைப் பொய்யாகக் கூறினால் அது துரோகமாகக் கருதப்படும். முன்னதில் அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டிய கடமையே இல்லை. ஆனால் பேரத்துக்கு வேலிகள் உண்டு. வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்றி விலையை ஏற்றிவிடுவதற்காகவே கூட்டிக் கேட்பது ‘நஜ்ஷ்’ எனப்பட்டு விலக்கப்பட்டது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் பேரத்தின் நடுவே மற்றவர் புகுந்து தட்டிப் பறிப்பதும் தடுக்கப்பட்டது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை நிலவரம் அவர்களுக்குத் தெரியுமுன் மலிவாக வாங்கிவிடுவதை நபிமொழிகள் தடைசெய்கின்றன. அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளலாம். இங்கு வாங்கியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பதை நோக்க வேண்டும். எதிரிலிருப்பவருடைய அறியாமையைத் தம் ஆதாயமாக்கிக்கொண்டதே குற்றமாகிறது.

இவ்விதிகளுக்கு அப்பால் உள்ளத்தின் நிலையைப் பேசியவர் 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தொழில் ஒழுக்கத்துக்கென ஒரு பகுதி உண்டு. அங்கே நீதி ஒரு படி, அதற்கு மேற்பட்ட நன்மை மற்றொரு படி என்று அவர் பிரிக்கிறார். யூனுஸ் இப்னு உபைத் என்னும் துணிக்கடைக்காரரைப் பற்றி அவர் எடுத்துரைப்பது இது: நானூறு திர்ஹம், இருநூறு திர்ஹம் என இரு தர ஆடைகளைக் கடையில் வைத்திருந்த யூனுஸ், தொழுகைக்குச் செல்லும்போது தம் சகோதரர் மகனைக் கடையில் இருத்திச் சென்றார், அங்கு வந்த நாட்டுப்புற அரபி ஒருவருக்கு, இருநூறு பெறும் ஆடையை அந்த இளைஞர் நானூறுக்கு விற்றுவிட்டார். ஆடையைக் கையில் ஏந்தி வழியில் சென்றவரை யூனுஸ் கண்டு, விலை கேட்டறிந்து, இது இருநூறுக்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்று அழைத்தார். எங்கள் ஊரில் இது ஐந்நூறு பெறும், எனக்கு மனநிறைவே என்று அவர் சொல்லியும் விடாமல் கடைக்கு அழைத்துச் சென்று இருநூறு திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் விரும்பித்தானே வாங்கினார் என்று இளைஞர் கேட்டதற்கு, உனக்கு நீ விரும்புவதை அவருக்கும் நீ விரும்பியிருக்கக் கூடாதா என்று யூனுஸ் கடிந்துகொண்டார். வாங்கியவரின் இசைவு இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது; அவை போதா என்பதே இங்கு முடிவு.

வாங்குபவர் ஒழுக்கத்தையும் கஸ்ஸாலி இதே நுட்பத்தோடு ஆராய்கிறார். அறநூல்கள் பொதுவாக விற்பவர்மீதே சுமையை ஏற்றிவிட்டு வாங்குபவரை எளிதில் விட்டுவிடுவதால், இப்பகுதி தனி மதிப்புடையது. ஏழையிடமோ நலிந்தவரிடமோ வாங்கும்போது விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு வாங்குவது நன்மை. ஆனால் தேவைக்கு மேல் இலாபம் தேடும் செல்வந்த வியாபாரியிடம் ஏமாந்து அதிகம் கொடுப்பது புகழுக்குரியதன்று, அது பொருளை வீணாக்குவதே என்கிறார். நபிகள் நாயகத்தின் பேரர்களான ஹஸன், ஹுஸைன் ஆகியோர் பொருள் வாங்கும்போது கறாராக விலை பேசுவர், பின்னர் பெருந்தொகைகளை வாரி வழங்குவர் என்பதையும் அவர் நினைவூட்டுகிறார். கொடுப்பவர் தம் சிறப்பால் கொடுக்கிறார், ஏமாறுபவரோ தம் அறிவை இழக்கிறார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். ஆக, பேரத்தின் அறத்தை நிர்ணயிப்பது குறைத்த தொகை அன்று, எதிரில் நிற்பவர் யார் என்பதே. நபிகள் நாயகம் தாமே பேரம் பேசியதாகவும் ஹதீஸ் உண்டு. உஹுத் போரில் தந்தையை இழந்து, கடனையும் இளம் சகோதரிகளையும் சுமந்துகொண்டிருந்த ஜாபிர் என்னும் தோழரிடம், பயணத்தின் நடுவே அவருடைய களைத்த ஒட்டகத்தை ஓர் ஊக்கியா வெள்ளிக்கு நபிகள் விலை பேசினார். முதலில் மறுத்த ஜாபிர், மதீனா சேரும்வரை அதன்மேல் சவாரி செய்துகொள்வதாக நிபந்தனையிட்டு இசைந்தார். ஊர் சேர்ந்து ஜாபிர் ஒட்டகத்தை ஒப்படைத்தபோது, விலையும் அவருக்கு அளிக்கப்பட்டது, ஒட்டகமும் அவரிடமே திருப்பித் தரப்பட்டது. உன் ஒட்டகத்தை எடுத்துக்கொள்வதற்காகவா உன்னிடம் விலையைக் குறைத்துப் பேசினேன் என்று நபிகள் கேட்டதாக ஓர் அறிவிப்பு கூறுகிறது. வறியவருக்கு உதவி செய்யும்போது அவர் கையேந்தி நிற்க நேராதபடி, இரு சமமானவர் நடத்தும் வியாபாரமாக அதை மாற்றியமைக்கும் கருவியாகவே இங்குப் பேரம் பயன்பட்டிருக்கிறது என்று கொள்வது பொருந்தும்.

பேரத்தை ஒழுங்குபடுத்துவதோடு நில்லாமல் அதை அடியோடு விட்டொழிக்க முனைந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றித் திரண்ட இந்தக் கிறித்தவக் குழுவினர், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றே பேச வேண்டும் என்ற இயேசுவின் மலைப்பொழிவுக் கட்டளையைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டனர். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்ததும் அதனால்தான். பெற்றுக்கொள்ள எண்ணியிருக்கும் விலையைவிடக் கூட்டிச் சொல்வது பொய் என்றும், கடவுள் முன்னிலையில் இருப்பவருக்கு ஒரே சொல்லும் ஒரே விலையுமே தகும் என்றும் ஃபாக்ஸ் 1650-களில் வியாபாரிகளுக்கு அறிவுறுத்தினார். பெரியவர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றாமலும் வழக்கமான முகமன் மொழிகளைச் சொல்லாமலும் இருந்ததற்காக மக்கள் முதலில் குவேக்கர் கடைகளை ஒதுக்கினர், சிலருக்குப் பிழைப்பே கேள்விக்குறியாயிற்று என்று அவருடைய நாட்குறிப்பு நூல் கூறுகிறது; பின்னர், ஒரு குழந்தையை அனுப்பினால்கூட ஏமாற்றமாட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் அவர்களையே தேடி வந்தது. குழந்தை என்னும் இந்த அளவுகோல் மிகக் கூர்மையானது. பேரத்தில் வாய்த்திறன் உள்ளவர் குறைவாகவும், கூச்சமுள்ளவரும் ஊருக்குப் புதியவரும் அதிகமாகவும் கொடுக்க நேர்கிறது. அந்த ஏற்றத்தாழ்வை ஒரே விலை ஒரே அடியாகத் துடைத்துவிட்டது. 1852 முதல் அரிஸ்தீத் பூசிக்கோ பாரிசில் வளர்த்தெடுத்த ‘போன் மார்ஷே’ போன்ற பேரங்காடிகள் விலையைச் சீட்டில் எழுதித் தொங்கவிட்டபோது, அவற்றின் நோக்கம் விரைவான விற்பனையே ஆயினும், ஒரு சிறு சமயக் குழு வதைபட்டுக் கடைப்பிடித்த ஒழுக்கம் உலக வழக்கமாயிற்று.

ஆனால் ஒரே விலை தீர்த்துவைத்தது முதல் குற்றத்தை மட்டுமே. பொய் ஒழிந்தது, நெருக்கடி அப்படியே இருக்கிறது. சீட்டில் எழுதப்பட்ட விலையை ஏழைக்காகக் குறைக்க அங்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. பஞ்ச காலத்தில் எல்லாருக்கும் ஒரே விலையாக ஐந்து மடங்கு ஏற்றி எழுதப்பட்டால் அங்கே பொய் ஏதும் இல்லை. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்பக் கருதுவதே வணிகர் அறம் என்று திருக்குறளும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலையும் சொல்வது வாய்மைக்கு அப்பால் உள்ள இந்த இரண்டாவது கடமையைத்தான். பிறர் பொருளைத் தம் பொருளாகக் கருதுபவர், அதன் உரிமையாளர் எந்த நிலைமையில் அதைக் கைவிடுகிறார் என்பதையும் கருதாமல் இருக்க முடியாது.

இக்கடமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது உழைப்புக்கு விலை பேசும்போதுதான். துணியை இன்று விற்காதவர் நாளை விற்கலாம். இன்றைய உழைப்பை நாளைக்கு எடுத்துவைக்க எவராலும் முடியாது, ஆகவே கூலி பேசும் இடத்தில் தொழிலாளி எப்போதுமே காலத்தின் நெருக்கடியில் நிற்கிறார். 1891 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல் இதை நேராக எடுத்துப் பேசியது. முதலாளியும் தொழிலாளியும் மனமொத்துக் கூலியைப் பேசி முடித்தாலும், அந்த ஒப்பந்தத்துக்கு மேலானதும் பழமையானதுமான இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக வாழும் உழைப்பாளி ஒருவரைத் தாங்கப் போதாத கூலி அந்நீதிக்கு முரணானது. தேவையாலோ, இதைவிடப் பெரிய கேடு வந்துவிடுமோ என்ற அச்சத்தாலோ அவர் கடுமையான நிபந்தனைகளுக்கு இசைந்தால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையானவரே என்பது அதன் கருத்து. இருவரும் ஒப்புக்கொண்டால் போதும் என்ற, அந்த நூற்றாண்டின் பொருளியலாளர் பலர் அசைக்க முடியாததாகக் கருதிய கொள்கையை அம்மடல் இவ்வாறு மறுத்தது. அதோடு நில்லாமல், தொழிலாளர் சங்கம் அமைத்துக்கொள்வது அவர்களுடைய இயற்கை உரிமை என்றும் ஏற்றது. தனியாகப் பேரம் பேச வலுவில்லாதவருக்காகப் பலர் சேர்ந்து பேசலாம் என்பது இதன் உட்கிடை. பிறருக்காகப் பேரம் பேசுதல் என்னும் இந்தக் கருத்துக்கு வேதங்களிலேயே மிக உயர்ந்த முன்னோடிகள் இருப்பதைச் சமூக நெறி பற்றிய நூல்கள் போதிய அளவு எடுத்துக்காட்டுவதில்லை.

ஆதியாகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில், சோதோம் நகரத்தை அழிக்கப்போவதை இறைவன் உணர்த்தியபோது ஆபிரகாம் பேசத் தொடங்குகிறார். நகரத்தில் ஐம்பது நீதிமான்கள் இருந்தால் அதைக் காப்பாற்றமாட்டீரா என்று கேட்டு, இசைவு பெற்றதும், ஐந்து பேர் குறைவதற்காகவா அழிப்பீர் என்று நாற்பத்தைந்துக்கு இறங்குகிறார். குறைபாட்டின் அளவை மட்டும் முன்னிறுத்தி மொத்த எண்ணை மறைத்துவிடும் இந்த உத்தி, கைதேர்ந்த பேரக்காரர்களுடையது. பின்பு நாற்பது, முப்பது, இருபது, பத்து. இடையிடையே தாம் தூளும் சாம்பலுமானவர் என்பதையோ ஆண்டவர் சினம் கொள்ளக் கூடாது என்பதையோ சொல்லிப் பணிவோடு, ஆனால் விட்டுவிடாமல் கேட்கிறார். இறைவன் ஒருமுறைகூட எதிர்விலை சொல்லவில்லை. கேட்ட ஒவ்வொன்றுக்கும் இசைகிறார். கடைசியில் பத்துப் பேர்கூட இல்லாமல் நகரம் அழிந்தது என்பதால் இப்பேரம் வீண் என்று கருதுவது பொருந்தாது. லூத் நபியின் மக்களுக்காக இப்ராஹீம் என்னும் இதே ஆபிரகாம் வாதாடியதைக் குர்ஆனின் ‘ஹூத்’ அத்தியாயம் குறிப்பிட்டு, அந்த வாதத்தைக் கைவிடும்படி கூறும் அதே இடத்திலேயே அவரைச் சகிப்புத்தன்மையும் இளகிய நெஞ்சமும் உடையவர் என்று புகழ்கிறது. கோரிக்கை ஏற்கப்படவில்லை, கோரியவர் குணம் போற்றப்பட்டது.

இஸ்லாமிய மரபில் மிஃராஜ் எனப்படும் விண்ணேற்றம் பற்றிய ஹதீஸ்களிலும் ஐம்பதில் தொடங்கும் பேரம் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு ஐம்பது வேளைத் தொழுகை விதிக்கப்பட்டு நபிகள் திரும்பி வரும்போது, வழியில் சந்தித்த மூஸா நபி, உம் மக்களால் இதைத் தாங்க முடியாது, இஸ்ரவேலரை வைத்து நான் பட்டறிந்தவன், திரும்பிச் சென்று குறைத்துக் கேளும் என்கிறார். மீண்டும் மீண்டும் சென்று கேட்க, எண்ணிக்கை ஐந்தாகக் குறைகிறது. ஐந்துக்கும் ஐம்பதின் நற்கூலி உண்டு என்ற உறுதியும் கிடைக்கிறது. இன்னும் குறைக்கும்படி மூஸா வற்புறுத்தியும், இனிக் கேட்க நாணுவதாக நபிகள் நின்றுவிடுகிறார். இங்குக் குறைக்கச் சொல்பவர் தமக்காகக் கேட்கவில்லை, குறைத்துக் கேட்பவர் சுமக்க வேண்டிய மக்களுக்காகவே கேட்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்ற நாணமும் பேரத்தின் பகுதியாகவே அமைந்திருக்கிறது.

சோதோமுக்காக அவ்வளவு விடாப்பிடியாகப் பேசிய ஆபிரகாம், ஐந்து அதிகாரங்கள் கடந்து தமக்காகப் பேச வேண்டி வந்தபோது ஒரு வார்த்தைகூடக் குறைத்துக் கேட்கவில்லை. மனைவி சாராள் எபிரோனில் இறந்துவிட்டார். அந்நாட்டில் ஒரு சாண் நிலமும் இல்லாத ஆபிரகாம், ஏத்தின் புத்திரராகிய ஊராரிடம் சென்று, மக்பேலா குகையைத் தமக்குத் தரும்படி அதன் உடைமையாளர் எப்பெரோனிடம் தமக்காகப் பரிந்து பேச வேண்டும் என்று கேட்கிறார். ஊர் வாசலில் எல்லாரும் கேட்க, நிலத்தைச் சும்மாவே தருகிறேன் என்கிறார் எப்பெரோன். விலை கொடுத்தே வாங்குவேன் என்று ஆபிரகாம் உறுதியாக நின்றதும், நானூறு சேக்கல் வெள்ளி பெறும் நிலம், உமக்கும் எனக்கும் நடுவில் அது எம்மாத்திரம் என்று விலை வெளிப்படுகிறது. எரேமியா ஆனதோத்தில் வாங்கிய வயலுக்குப் பதினேழு சேக்கலும், தாவீது அர்வனாவின் களத்துக்கும் மாடுகளுக்கும் ஐம்பது சேக்கலும் கொடுத்ததாக வேதம் கூறுவதோடு ஒப்பிட்டால், பரப்பளவுகள் வேறுபட்டிருக்கலாம் என்றாலும், நானூறு என்பது பெருந்தொகையாகவே தோன்றுகிறது. தால்முத் ஞானியர் எப்பெரோனை நிறையப் பேசிச் சிறிதும் செய்யாதவராகவே காண்கின்றனர். நிலத்துக்கு ஓனாஆ விதி இல்லாததால் பிற்காலச் சட்டத்தின்படிகூட ஆபிரகாம் முறையிட வழியில்லை. அக்குவினாசின் சொல்லாட்சியில் கூறினால், குகையோடு சேர்த்து வாங்க வந்தவரின் துக்கத்தையும் எப்பெரோன் விற்றுவிட்டார். இறந்தவரை அடக்கம்செய்யக் காத்திருப்பவர் கடையைவிட்டு இறங்குவதுபோல நாலடி நடக்க முடியாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பரிந்து பேசும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்பட்ட ஊரார் வாசலில் கூடியே இருந்தனர். விலை சொல்லப்பட்டபின், வெள்ளி நிறுக்கப்படும்வரை அவர்களுள் எவரும் வாய் திறந்ததாக வேதம் குறிக்கவில்லை.